மறுபடி நடக்கவில்லை

அலுவலகத்தில் எனக்கு முட்டுக்கட்டை என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் அது முன்பக்கமாகவே வந்துவிட்டது. 'முட்டுக்கட்டை அக்கா, டீ வேணுமா?' என்று நேரிலேயே கேட்பார்கள். எனக்கு வருத்தமில்லை, என் வேலையே அதுதான். எங்கள் நிறுவனம் வீடியோ கேம் செய்கிறது. சுடுகிற கேம், காரோட்டுகிற கேம் இல்லை. நீங்கள் வேறு ஒரு ஆளாக மாறி, இன்னொரு உலகத்துக்குள் போய், நூறு மணி நேரம் அங்கே வாழ்ந்துவிட்டு வருகிற கேம். அது கடைக்குப் போவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது என் பிரிவின் வேலை. கடைசியில் 'போகலாம்' என்று தலைப்புப் போட்ட ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால்தான் கேம் வாசலைத் தாண்டும்.

எங்கள் முதல் இரண்டு கேம்களும் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வருகிற பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்கள்கூட உண்டு. மூன்றாவது கேம் எங்களைக் கவிழ்த்தது. கதை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அது சேவ்களைத் தின்றது. சேவ் என்றால் நீங்கள் விளையாடியது அத்தனையும் பத்திரமாக இருக்கிற பதிவு. மூன்று மாதம் ஆசை ஆசையாக விளையாடியவர் ஒருநாள் காலையில் திறந்தால், எல்லாம் துடைத்துப்போட்ட மாதிரி 'புதிய பயணம்' என்ற ஒற்றை வரி மட்டும் நிற்கும். எல்லோருக்கும் இல்லை, நூற்றில் இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேர் போட்ட சத்தத்தில் மற்றவர்களும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள்மேல் நான் தப்பே சொல்ல மாட்டேன். காரணத்தை நாங்கள் கண்டுபிடிக்கவே இல்லை. ஒவ்வொரு சேவுக்கும் அதற்கு முந்தைய மூன்றின் நகலையும் எடுத்து வைக்கிற மாதிரி ஒட்டுப்போட்டுச் சமாளித்தோம். அதற்குப் பிறகு பஸ்ஸில் போகிறவர்கள் செல்போனில் கலர் உருண்டைகளை உடைக்கிற கேம்களைச் செய்து வயிறு வளர்த்தோம்.

வெளியே யாருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சேவ் காணாமல் போனதை, கேம் கடைக்குப் போவதற்கு முன்பே நான் பார்த்திருந்தேன். ஒரே ஒரு தடவை. எங்கள் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பிழையைப் பார்த்தால், என்னென்ன அழுத்தினோம் என்று வரிசையாக எழுத வேண்டும். அதே வரிசையில் மறுபடி செய்தால் பிழை மறுபடி வர வேண்டும். வராவிட்டால் அது பிழையே இல்லை. நான் நாற்பது தடவை செய்து பார்த்தேன், வரவில்லை. வெளியீட்டுத் தேதி கழுத்தைப் பிடித்தது. 'மறுபடி நடக்கவில்லை' என்று எழுதி, என் கையாலேயே அந்தக் குறிப்பை மூடினேன். 'போகலாம்' தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

வந்த வசவுகளை எல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒரு கடிதத்தை மட்டும் தாங்க முடியவில்லை. வயதான ஒருவர் கையால் எழுதி அனுப்பியது. அதில் வசவே கிடையாது. அவர் மனைவிக்கு எங்கள் கேம்கள் என்றால் உயிராம். மூன்றாவது கேமில் முகம், தலைமுடி, நடை எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஒரு ஆளை உருவாக்கியிருக்கிறார். பிறகு கை நடுங்கத் தொடங்கியதால் கணவர் விளையாட, அந்தம்மா படுக்கையிலிருந்தே வழி சொல்லியிருக்கிறார். கதை முடிவதற்குள் அந்தம்மா போய்விட்டார். இவர் அதற்கு மேல் விளையாடவில்லை. அந்த ஆள் நிற்பதையாவது ஒரு தடவை பார்க்கலாம் என்று சில மாதம் கழித்துத் திறந்திருக்கிறார். அங்கே யாரும் இல்லை. 'திரும்பக் கொடுக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்' என்று முடித்திருந்தார்.

வழி இல்லை. பதில் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன். கடிதத்தை என் மேஜையின் கீழ் இழுப்பறையில் வைத்தேன். ஆறு வருஷமாக அங்கேயே இருக்கிறது. எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன். மனப்பாடமே ஆகிவிட்டது.

இப்போது நான்காவது கேம். இதற்கு இயக்குநர் என் தம்பி, கூடப் பிறந்தவன், எட்டு வயது சின்னவன். கெட்டிக்காரன். அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொன்னால் தலைக்கு ஏறும். மூன்றாவது கேமில் யாரும் திட்டாத ஒரே விஷயம் பேச்சு. அதில் வருகிற ஆட்கள் நிஜ மனிதர்கள் மாதிரி பேசுவார்கள். அந்தப் பேச்சு இயங்குகிற நிரலை அப்படியே எடுத்து, அதன்மேல் புதுக் கதையைக் கட்டினான் தம்பி. மூன்று வருஷ உழைப்பு. இதுவும் கவிழ்ந்தால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலாளியம்மா எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். நாங்கள் நாற்பத்தாறு பேர்.

கேமைப் பதிகிற தகடு அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். முன்கூட்டியே கொடுத்த பிரதியை விளையாடி முடித்திருந்தார். "பழைய ஃபார்முக்கு வந்துட்டீங்கன்னு எழுதப் போறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்று தம்பியிடம் கேட்டார்.

"உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்" என்றான் தம்பி. அவன் காது மடல் சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே சந்தோஷம் வந்தால் அப்படித்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அது செவ்வாய்க்கிழமை காலைவரை நிலைத்தது.

அன்றைக்குக் காலையில் என் கேமைத் திறந்தேன். நூற்றுப் பத்து மணி நேரம் விளையாடி வைத்திருந்த சேவ். திரையில் 'புதிய பயணம்' என்ற ஒற்றை வரி நின்றது.

கேம் ஓடுகிற புதுப் பெட்டிகளில் இடம் போதாது என்று, மூன்று நகல் எடுக்கிற ஒட்டை இந்தக் கேமில் எடுத்துவிட்டிருந்தோம். நோட்டை எடுத்து, முந்தின நாள் என்னென்ன செய்தேன் என்று ஒன்று விடாமல் எழுதினேன். ஆற்றங்கரைக்குப் போனேன். படகுக்காரனிடம் பேசினேன். இவன் கதாநாயகனோடு பாதி வழி வருகிற துணை. பிரிகிற நேரத்தில் நம்மை ஒரு கேள்வி கேட்பான். பதில் சொன்னேன். அக்கரைக்குப் போனேன், மலை ஏறினேன், சேவ் செய்தேன், மூடினேன். அவ்வளவுதான். என் பிரிவில் இருக்கிற ஆறு பேரையும் அதே வரிசையில் செய்யச் சொன்னேன். நானும் செய்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஆறு பேருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

புதன்கிழமை முதலாளியம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தோம். நான், தம்பி, அவர். மேஜைமேல் 'போகலாம்' தாள்.

"எத்தனை தடவை பார்த்த?" என்றார் முதலாளியம்மா.

"ஒரு தடவை."

"எத்தனை தடவை முயற்சி பண்ணினீங்க?"

"எல்லாருமா சேர்த்து இருநூறு இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "எனக்கு உன்மேல மரியாதை இருக்கு. ஆனா ஒரே தடவை பார்த்ததுக்காக நாப்பத்தாறு பேர் வேலைய நான் பணயம் வைக்க முடியாது. இப்ப தள்ளிப்போட்டா அச்சுக்கூடத்துல அடுத்த இடம் அஞ்சு வாரம் கழிச்சுத்தான் கிடைக்கும். அதுக்குள்ள இந்தப் பேச்செல்லாம் ஆறிப்போயிடும்."

"போன தடவையும் நான் ஒரு தடவைதாம்மா பார்த்தேன்."

தம்பிதான் வாயைத் திறந்தான். "அக்கா, நீ எழுதின வரிசை என்கிட்ட இருக்கு. நானே முப்பது தடவை செஞ்சேன். ஒண்ணும் ஆகல. ஏதாவது வயர் ஆடியிருக்கும். உனக்குப் பயம்கா. இது பக் இல்ல, பயம்."

"பயந்தவ ஒருத்தியாவது இருக்கட்டும்டா இந்த ஆபீஸ்ல!" என்று கத்திவிட்டேன். முதலாளியம்மாவின் அறையில் நான் கத்துவது அதுதான் முதல் தடவை. "நீ கதை எழுதிட்டுப் போயிடுவ. திறந்து பார்த்து இல்லன்னு நிக்கிறவனுக்கு நீயா பதில் சொல்ற?"

"நீ மட்டும் சொன்னியா?" என்றான்.

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இழுப்பறையில் இருக்கிற கடிதம் அவனுக்குத் தெரியும். அவனும் அதைப் படித்திருக்கிறான்.

முதலாளியம்மா இடையில் புகுந்து முடித்துவைத்தார். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரைவரை எனக்கு நேரம். அதற்குள் மறுபடி நடக்கவைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால், நான் போடாத கையெழுத்தைத் தம்பி போடுவான். இயக்குநருக்கு அந்த உரிமை உண்டு. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினான்.

வியாழக்கிழமை முழுவதும் ஆற்றங்கரையிலேயே கழிந்தது. வேகமாக அழுத்தினேன், மெதுவாக அழுத்தினேன், தப்புத் தப்பாக அழுத்தினேன். என் பிரிவில் யாரும் முணுமுணுக்கவில்லை, அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. படகுக்காரனுடைய வசனம் தம்பி எழுதியது. 'கூட்டிட்டுப் போறியா, இங்கயே விட்டுட்டுப் போறியா? எதுவா இருந்தாலும் வாயத் தொறந்து சொல்லு.' அதை அன்றைக்கு இருநூறு தடவை கேட்டிருப்பேன். நல்ல வசனம்தான், ஆனால் கடைசியில் படகுக்காரன் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் கை ஓய்ந்துவிட்டது. பதினொரு மணி. இனி முடியாது என்று தோன்றியபோது வழக்கம்போல இழுப்பறையைத் திறந்தேன். கடிதத்தை எடுத்தேன். மனப்பாடமாக இருந்தாலும் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி வருகிறது:

'விளையாடிக்கொண்டிருக்கும்போது அவள் கூப்பிடுவாள். தண்ணீர் வேண்டும், புரட்டிப் படுக்கவை, கொஞ்சம் பக்கத்தில் உட்கார் என்று. அப்படி அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவேன். திரும்பி வர ஒரு மணி நேரம்கூட ஆகும். நான் வரும்வரை அந்த ஆள் எனக்காக நின்றுகொண்டிருப்பான்.'

ஆறு வருஷமாக அந்த வரியைப் படித்துவிட்டு அழுதிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதைப் படித்தேன்.

அப்படி அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவேன்.

நோட்டைப் புரட்டினேன். சேவ் போவதற்கு முந்தின நாள். படகுக்காரனிடம் பேசினேன், பதில் சொன்னேன். இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை. அப்பா போன் செய்தார்.

அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கழுத்தில் கயிறு கட்டி ஒரு போனைத் தொங்கவிட்டிருக்கிறோம். அவர் முதலில் தம்பிக்குத்தான் அடிப்பார். அவன் எடுக்க மாட்டான், 'அக்கா பார்த்துப்பா' என்று இருந்துவிடுவான். பிறகு எனக்கு அடிப்பார். அன்றைக்குக் குளியலறையில் விழுந்துவிட்டார். கையிலிருந்த கன்ட்ரோலரை மேஜைமேல் போட்டுவிட்டு ஓடினேன். படகுக்காரன் கேள்வி கேட்டபடி திரையில் நின்றுகொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எலும்பு முறியவில்லை என்று தெரிந்து, வீட்டில் படுக்கவைத்துவிட்டு நான் திரும்பியபோது மூன்று மணி. அவன் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தான். பதில் சொன்னேன், விளையாடினேன், சேவ் செய்தேன்.

அதை நான் நோட்டில் எழுதவில்லை. ஏன் எழுத வேண்டும்? நான் எதையும் அழுத்தவில்லையே. எங்கள் நோட்டில் அழுத்தியதைத்தான் எழுதுவோம். பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பிய படிவத்திலும் 'கடைசியாக எதை அழுத்தினீர்கள்?' என்றுதான் கேட்டோம். அதைவிடக் கொடுமை, எழுந்து போவதற்கு முன்னால் சேவ் செய்து மூடிவிட வேண்டும் என்று என் பிரிவில் ஒரு சட்டம் இருக்கிறது. நான் போட்ட சட்டம். எனக்குப் பயந்து யாரும் அதை மீற மாட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நான் இரண்டே தடவை மீறியிருக்கிறேன். இந்த வாரம் அப்பா விழுந்த அன்றைக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது என்று போன் வந்த அன்றைக்கு.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் அறைக்கு ஓடினேன். "வாடா" என்றேன்.

"அக்கா, இன்னும் ஒரு மணி நேரம்தான்..."

"ஒரு மணி நேரம் போதும். வா."

அவன் முகம் சுளித்துக்கொண்டு வந்தான். கேமைத் திறந்து ஆற்றங்கரைக்குப் போனேன். படகுக்காரன் கேள்வியைக் கேட்டான். மணி பதினொன்றேகால். கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"அப்புறம்?" என்றான் தம்பி.

"அப்புறம் ஒண்ணும் இல்ல. உட்காரு."

"என்னக்கா விளையாடற?"

"விளையாடல. அதான் விஷயம்."

என் பிரிவு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். விஷயம் பரவி முதலாளியம்மாவும் வந்தார். ஒன்பது பேர், ஒன்றுமே நடக்காத ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படகுக்காரன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு நின்றான்.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். தம்பியின் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான், திருப்பிப் பைக்குள் போட்டான். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் என் போன் அடித்தது.

"சொல்லுங்கப்பா."

"கண்ணாடியக் காணோம்மா."

"தலையணைக்கு அடியில பாருங்க."

கொஞ்ச நேரம் துழாவுகிற சத்தம். "ஆமா, இருக்கு." வைத்துவிட்டார்.

"முதல்ல உனக்குத்தான் அடிச்சார்" என்றேன். குத்திக்காட்ட வேண்டும் என்றுதான் சொன்னேன், மறைக்கவில்லை. தம்பி திரும்பவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கன்ட்ரோலரை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். "நீயே பதில் சொல்லு."

'கூட்டிக்கொண்டு போகிறேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தான். படகு அக்கரைக்குப் போயிற்று. சேவ் செய்தான், மூடினான். மறுபடி திறந்தான்.

'புதிய பயணம்.'

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிழை வந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான். வெட்கமே இல்லாமல் அழுதேன்.

தம்பி கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்தான். முகத்தில் ஈயாடவில்லை. முதலாளியம்மாவிடம் திரும்பி, "தள்ளிப் போட்டுடலாம்மா" என்றான். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் திரையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, "அஞ்சு வாரம்" என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் கேட்டாலும் என்கிட்ட இல்ல." கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அவர் எங்களைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்க அதற்குமேல் ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. பேச்சு நிரலை எழுதியவர் ஆரம்பத்திலிருந்தே எங்களோடு இருக்கிற பழைய ஆள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் சோடா என்று கூப்பிடுவோம். வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார்.

"இது நான்தான் போட்டேன்" என்றார். "மூணாவது கேம் பண்ணும்போது. கேள்வி கேட்டு நாப்பது நிமிஷமா ஒரு ஆளு பதிலே சொல்லலன்னா, எவனா இருந்தாலும் கோவிச்சுட்டுப் போயிடுவான் இல்ல? நிஜ மனுஷன் மாதிரி இருக்கட்டும்னு போட்டேன். துணையோட பேரக் கூட வர்றவங்க பட்டியல்லருந்து எடுத்துடும். அவன் நடந்து போற படத்தை வரையச் சொல்லணும்னு நினைச்சேன். சொல்ல மறந்துட்டேன். நீங்க யாரும் அப்படிப் பார்த்ததாச் சொல்லவும் இல்ல. எனக்கும் அது இருக்கறதே மறந்துபோச்சு."

ஆள் திரையில் நிற்பான். ஆனால் பட்டியலில் இருக்க மாட்டான். இல்லாத ஆளோடு பேசி, இல்லாத ஆளைக் கூட்டிக்கொண்டு போய் சேவ் செய்தால், அந்தப் பதிவை மறுபடி படிக்க முடியாமல் கேம் மொத்தத்தையும் தூக்கிப்போட்டுவிடும். எல்லோரும் புகழ்ந்த பேச்சை ஆசையாக எடுத்துவந்தோம், அதற்குள் இதுவும் உட்கார்ந்து வந்திருக்கிறது. யாருக்குப் போயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். வேறு வேலை இல்லாமல் ஒரே மூச்சாக விளையாடியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கைக்குழந்தை அழுகிறது என்று எழுந்து போனவர்களுக்கு, நோயாளி கூப்பிடுகிறார் என்று எழுந்து போனவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அந்த நூற்றில் இரண்டு பேர் அவர்கள்தான்.

சோடா அந்த ஒரு வரியை அழித்தார். "எவ்வளவு நேரம் ஆனாலும் நிக்கட்டும்" என்றான் தம்பி.

ஐந்து வாரமும் அதைத்தான் சோதித்தோம். விளையாடுவோம், பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவோம். என் சட்டத்தை நானே கிழித்தேன். கடைசிச் சோதனையாக ஒரு வெள்ளிக்கிழமை மாலை தம்பி படகுக்காரனுக்கு எதிரே கன்ட்ரோலரை வைத்தான். திங்கட்கிழமை காலை வந்து பதில் சொன்னான். எல்லாம் பத்திரமாக இருந்தது. 'போகலாம்' தாளில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே அந்தக் கடிதக்காரருக்கு எழுதினேன். வக்கீலைக் கேட்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் பிழையை நான் பார்த்ததையும், மூடியதையும், எதையும் மறைக்காமல் எழுதினேன். உங்கள் கடிதத்தின் ஒரு வரியை வைத்துத்தான் கண்டுபிடித்தோம், உங்களுக்குப் போனதைத் திரும்பக் கொடுக்க முடியாது, மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். புதுக் கேமின் பிரதி ஒன்றையும் கூட வைத்தேன்.

கேம் வெளியாயிற்று. தாமதமாக வந்தாலும் விற்றது. முதல் இரண்டு கேம்கள் மாதிரி இல்லை, ஆனால் நாற்பத்தாறு பேரும் அதே நாற்காலியில் இருக்கிறோம். 'பழைய ஃபார்முக்குத் திரும்பியது' என்று மூன்று பத்திரிகைகள் எழுதின. தம்பி அந்தப் பக்கங்களை வெட்டித் தன் அறைச் சுவரில் ஒட்டினான். ஒட்டட்டும், பட்ட பாட்டுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

கடிதக்காரரின் பதில் மூன்றாவது வாரம் வந்தது. அதே கையெழுத்து, இன்னும் கொஞ்சம் கோணலாக. அதைத் தம்பியின் அறைக்கு எடுத்துப்போய் அவன் முன்னால் வைத்தேன்.

"உரக்கப் படி" என்றேன். இரண்டாவது தடவை தனியாகப் படிக்க எனக்குத் தைரியம் இல்லை.

அவன் படித்தான்.

'நீங்கள் எழுதியது கிடைத்தது. அந்த வரியில் நான் பிழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றித்தான் சொன்னேன். அது உங்களுக்கு உதவியிருந்தால் சரி, அவளுக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். புதுக் கேமை ஆரம்பித்திருக்கிறேன். நன்றாகவே செய்திருக்கிறீர்கள், முதல் இரண்டும் ஞாபகம் வருகின்றன. ஆனால் எனக்காக அந்தப் படகுக்காரன் அதிகம் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டவுடன் பதில் சொல்லிவிட்டேன். என்னை இப்போது பாதியில் கூப்பிட யாரும் இல்லை.'

தாளை மேஜைமேல் வைத்தான். சுவரில் ஒட்டியிருந்த பக்கங்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். வெளியே யாரோ டீ எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

மேஜைமேல் கிடந்த அவன் போன் அதிர்ந்தது. திரையில் 'அப்பா' என்று எழுதியிருந்தது. எனக்குப் பழக்கம், கை தானாக என் போனைத் தேடி எடுத்தது. மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று.

நான்கு எண்ணுவதற்குள் தம்பி எடுத்துவிட்டான்.

"சொல்லுங்கப்பா" என்றான். யார் பேசுவது என்று அப்பா கேட்பது எனக்கே கேட்டது.

"நான்தான்ப்பா" என்றபடி எழுந்து, நாற்காலியில் கிடந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான் தம்பி. "இருங்க, வரேன்."